பெரும்பொழுதும் சிறுபொழுதும்: ஒரு குறுகிய குடும்பச் சுற்றுலாவுக்கான திட்டம்

சுற்றுலா என்றதும் நம் நினைவுக்கு வருவது ஊர்ப் பெயர்களின் பட்டியலே ஆகும். எங்கே போகலாம் என்று கேட்பார்களே ஒழிய, எப்போது போகலாம் என்று கேட்பவர் அரியர். ஒரு வேன் பிடித்து, விடியற்காலை புறப்பட்டு, ஒரே பகலில் ஏழு இடங்களை எண்ணிக்கைக்குப் பார்த்துவிட்டு, நள்ளிரவில் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்பும் காட்சியை நம் பகுதியில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் காணலாம். பார்த்த இடங்களுள் எது மனத்தில் நின்றது என்று மறுநாள் அக்குழந்தைகளைக் கேட்டால், ஓட்டலில் சாப்பிட்ட பூரி என்பார்கள்.

கோயிலும் கோட்டையும் எந்நேரமும் அங்கேயே இருக்கும். உயிரினங்கள் அப்படியல்ல. அவை தமக்கென்று ஒரு காலக் கணக்கு வைத்திருக்கின்றன. ஆகவே பறவையையும் விலங்கையும் காணச் செல்லும் குடும்பம், அந்த உயிரினத்தின் நேரத்தை முதலில் அறிந்து, அதன்பின் தன் நேரத்தை அதனோடு பொருத்திக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் கூற விழையும் கருத்தாகும்.

இதற்குரிய கருவி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரம் முதற்பொருளை நிலம், பொழுது என இரண்டாக்கி, பொழுதைப் பெரும்பொழுது, சிறுபொழுது என மீண்டும் பிரிக்கிறது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறும் ஆண்டின் கூறுகள். வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்ற ஆறும் நாளின் கூறுகள். தேர்வுக்காக இவற்றை மனப்பாடம் செய்யும் மாணவத் தோழர்கள், ஒரு பயணத் திட்டத்தை வகுக்க இவற்றைவிடச் சிறந்த அட்டவணை வேறில்லை என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

யாருக்கு இந்தத் திட்டம்?

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் என்று நீளும் தொழிற்பகுதியில் வாழும் குடும்பங்களையே நான் மனத்தில் கொண்டுள்ளேன். 1998-இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியதையும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டதையும் அடுத்து, கால் நூற்றாண்டுக்குள் இந்த வட்டாரம் அடியோடு மாறிவிட்டது. நம் வகுப்பறையில் பக்கத்து இருக்கையில் அமர்பவரின் தந்தையோ அண்ணனோ அக்காவோ இங்குள்ள ஏதேனும் ஓர் ஆலையில் வேலை பார்ப்பவராக இருக்க வாய்ப்புண்டு.

இக்குடும்பங்களின் விடுமுறைக்கு ஓர் இயல்பு உண்டு. அது சிறியது, முன்கூட்டி உறுதியாகத் தெரியாதது, ஷிப்டுக்குக் கட்டுப்பட்டது. முதல் ஷிப்டு என்றால் விடியுமுன்னரே கம்பெனிப் பேருந்து தெருமுனைக்கு வந்துவிடும். இரவு ஷிப்டு என்றால் பகல் முழுவதும் வீட்டில் ஒருவர் உறங்க, மற்றவர்கள் ஓசையின்றி நடமாட வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கிடைக்கும் விடுமுறை சொந்த ஊருக்குப் போவதிலேயே தீர்ந்துபோகும். அதுபோக ஆண்டில் ஒருமுறை, வார விடுமுறையுடன் ஒரு நாள் லீவு சேர்த்து, இரண்டரை நாள் கிடைத்தால் அதுவே பெரிது. அந்த இரண்டரை நாளை வீணாக்கினால் அடுத்த வாய்ப்புக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். மலைக்கும் வனத்துக்கும் தொலைதூரம் போகும் வசதி உள்ளோர்க்கு ஒரு பயணம் தவறினால் இன்னொன்று உண்டு. இவர்களுக்கு அப்படியில்லை.

வேறொரு வகையினரும் உளர். தென் மாவட்டங்களிலிருந்து இங்கு வந்து விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்களைப் பார்க்க அவர்களுடைய பெற்றோரும் தம்பி தங்கையரும் வருகிறார்கள். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின்னர், தெற்கிலிருந்து வருவோர் பலர் அங்கேயே இறங்குகிறார்கள். மகளோடு இரண்டு நாள் சேர்ந்திருக்க அவர்களுக்கும் ஓர் இடம் வேண்டுமல்லவா?

பெரும்பொழுதைத் தேர்தல்

ஆலைகளில் ஆயுத பூசைக்கு நல்ல விடுமுறை கிடைக்கும். சுற்றுலா வேன்களும் அன்று நிறையவே ஓடும். ஆனால் புரட்டாசி, ஐப்பசித் தொடக்கத்தில் நம் ஏரிகள் பெரும்பாலும் தரை தெரியக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கிக் கார்த்திகையில் ஏரிகளை நிரப்பிய பிறகே நீர்ப்பறவைகள் கூடு கட்ட வரும். கோடை விடுமுறையில் குழந்தைகளுக்குப் பள்ளி இல்லை என்பது உண்மையே. பறவைகளுக்கும் அப்போது ஏரியில் வேலை இல்லை. நம் வட்டாரத்தில் உயிரினங்களைக் காண ஏற்ற பெரும்பொழுது முன்பனியும் பின்பனியுமே. அதாவது மார்கழி முதல் பங்குனி வரை. இதிலும் தை பிற்பாதியும் மாசி முழுவதும் மிகச் சிறந்தவை. அப்போது பறவைக் குஞ்சுகள் கூட்டில் இருக்கும், கடலாமைகள் கரையேறும், வெயிலும் பொறுக்கத் தக்கதாய் இருக்கும்.

இக்காலத்தில் தவிர்க்க வேண்டிய நாள் ஒன்று உண்டென்றால் அது காணும் பொங்கல். அன்று வண்டலூரிலும் மாமல்லபுரத்திலும் மனிதத் தலைகளைத் தவிர வேறொன்றையும் காண இயலாது.

வாரக் கிழமையும் முக்கியம். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கிண்டி பாம்புப் பண்ணைக்கும் செவ்வாயே விடுமுறை. வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கள். சுழற்சி முறையில் வார விடுமுறை பெறும் தொழிலாளர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். செவ்வாயன்று லீவு கிடைத்துக் குழந்தைகளை அழைத்துச் சென்று, பூட்டிய வாயிலின் முன் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துத் திரும்பிய தந்தையர் எத்தனையோ பேர்.

முதல் நாள்: எற்பாடு

வெள்ளிக்கிழமை நண்பகலில் புறப்படுவதாகக் கொள்வோம். வியாழன் இரவு ஷிப்டு முடித்தவர் காலையில் வந்து உறங்கி எழவும் நேரம் இருக்கும். ஆனால் அவர் வண்டி ஓட்டக்கூடாது. இதில் சமரசமே கூடாது. இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஓட்டுநரோடு ஒரு வேன் பேசிக்கொள்வது செலவுக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில், செங்கற்பட்டு, படாளம் வழியாக வேடந்தாங்கல் அறுபது கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவே. மூன்று மணிக்கு அங்கே இருந்தால் போதும்.

ஏன் மூன்று மணி? காலையில் இரை தேடி வயல்களுக்கும் பிற ஏரிகளுக்கும் சென்ற பறவைகள், பொழுது சாயும் எற்பாட்டில்தான் கூட்டங்கூட்டமாகத் திரும்புகின்றன. நான்கு மணி முதல் ஆறு மணி வரை ஏரிக்கரையில் அமைதியாக நின்றால், வானத்தின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் வரிசை வரிசையாக அவை இறங்குவதைக் காணலாம். உச்சிவெயிலில் வந்து பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு, ‘ஒன்றும் பெரிதாக இல்லையே’ என்று முணுமுணுத்துப் போகிறவர்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. இன்னும் மூன்று மணி நேரம் மரநிழலில் அமர்ந்திருந்தால் அவர்கள் வாழ்நாளெல்லாம் மறக்க முடியாத ஒன்றைக் கண்டிருப்பார்கள்.

வேடந்தாங்கலின் பரப்பு ஏறத்தாழ முப்பது எக்டேர்தான். நம் பகுதியின் ஏரிகள் சில இதைவிடப் பன்மடங்கு பெரியவை. பிறகு ஏன் பறவைகள் இதை நாடுகின்றன? ஏரிக்குள் நீர்க்கடம்பு மரங்கள் தோப்பாக நிற்கின்றன. மழைக்குப் பின் அம்மரங்களின் அடியில் நீர் சூழ்ந்துகொள்வதால், நரியும் பூனையும் மரமேறிக் குஞ்சுகளைத் தின்ன வழியில்லை. இது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவ்வூர் மக்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படைவீரர்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு அளிக்கும் கௌல் ஒன்றை அவர் வழங்கினார். அது 1858-இல் புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் அரசு இதனைச் சரணாலயமாக ஏற்றது. 2022-இல் ராம்சர் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக இது அறிவிக்கப்பட்டது. ஆக, காட்டிலாகாவும் சட்டமும் வருவதற்கு முன்னரே, எழுத்தறிவு குறைந்த உழவர்கள் ஒரு சரணாலயத்தை நடத்தியிருக்கிறார்கள்! அவர்களுக்கு இதில் ஆதாயமும் இருந்தது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்குச் சிறந்த உரம். ஆதாயத்தையும் அன்பையும் பிரித்துப் பார்ப்பது நம் போன்ற படித்தவர்களின் வழக்கம். உழவர் அப்படிப் பார்ப்பதில்லை. ‘தாங்கல்’ என்பது நம் வடமாவட்டங்களில் சிறிய ஏரியைக் குறிக்கும் சொல். வேடர்களின் பெயரைத் தாங்கிய ஏரி வேட்டையைத் தடுத்த ஏரியானது சொல்லாராய்ச்சி செய்வோர்க்குச் சுவையான செய்தி.

அங்கே காணும் பறவைகளை எல்லாம் ‘வெளிநாட்டுப் பறவை’ என்று பொதுப்படச் சொல்வது நம்மிடையே உள்ள ஒரு தவறான பழக்கம். கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை பெரும்பாலும் நம் நாட்டுப் பறவைகளே. மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், இராக்கொக்கு ஆகியவை இவ்வகை. நீருள்ள இடம் தேடி நாட்டுக்குள்ளேயே இவை இடம் மாறுகின்றன. ஊசிவால் வாத்து போன்ற சிலவே ஆசியாவின் வடபுலத்திலிருந்து குளிருக்குத் தப்பி வருபவை. அவை இங்கே கூடு கட்டுவதில்லை. வேலை இருக்கும் ஊருக்கு இடம்பெயர்ந்து வந்து, அங்கேயே குழந்தைகளை வளர்க்கும் நம் பகுதிக் குடும்பங்களுக்கு முதல் வகைப் பறவைகளை விளக்கிச் சொல்லத் தேவையே இராது.

பறவைப் பெயர்களைக் குழந்தைகளுக்கு அங்கே போய்க் கற்பிக்க முனையாதீர்கள். பயணத்துக்கு முந்தைய இரண்டு ஞாயிறுகளில், ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கரைக்கோ பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரைக்கோ காலையில் ஒரு மணி நேரம் அழைத்துச் செல்லுங்கள். கொக்கும் நீர்க்காகமும் நத்தை குத்தியும் அங்கேயும் உண்டு. ஐந்து பறவைகளைப் பெயர் சொல்லத் தெரிந்த குழந்தை வேடந்தாங்கலில் ஆறாவதைத் தானே கண்டுபிடிக்கும். ஆலைச் சுவர்களுக்கு இடையே இந்த ஏரிகள் இன்னும் உயிரோடு இருப்பதைப் பெரியவர்களும் அப்போது ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். 2020-இல் வேடந்தாங்கலைச் சுற்றியுள்ள ஐந்து கிலோமீட்டர்ப் பாதுகாப்பு எல்லையை மாற்றியமைக்கும் யோசனை எழுந்து, பெரும் எதிர்ப்பைச் சந்தித்ததை இங்கு நினைவுகூரலாம். பறவை கூடு கட்டுவது ஏரிக்குள் என்றாலும் இரை தேடுவது சுற்றுவட்டாரத்தில் அன்றோ!

அங்கே நடந்துகொள்ளும் முறை எளியது. உரக்கப் பேசக்கூடாது; பாட்டு வைக்கக்கூடாது; கண்ணைப் பறிக்கும் நிற உடை வேண்டாம். பக்கத்திலேயே கரிக்கிலி என்னும் இன்னொரு சரணாலயம் உண்டு. நேரம் மிகுந்தால் போகலாம். இல்லையேல் கவலை வேண்டாம். வேடந்தாங்கலின் எற்பாட்டை நடுவில் முறித்துக்கொண்டு அங்கே ஓடுவது அறிவுடைமை ஆகாது.

இரவு செங்கற்பட்டில் தங்குவது நலம். சென்னையைவிட வாடகை குறைவு. இரவுச் சாப்பாட்டுக்கு நல்ல ஓட்டல்கள் பேருந்து நிலையத்தை ஒட்டி இருக்கும். அறை எடுக்கும்போது மாடிப்படி எத்தனை, லிப்டு உண்டா, வெந்நீர் வருமா என்று மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டியும் கைக்குழந்தையும் உடன் வருகிறார்கள் என்பதை மறந்துவிட்டுப் போடும் திட்டம் வாலிபர்களின் திட்டமே தவிரக் குடும்பத் திட்டம் ஆகாது. மதியத்துக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த புளியோதரையில் மிச்சம் இருந்தால் மறுநாள் காலைக்கும் தாங்கும்.

இரண்டாம் நாள்: நண்பகலில் வராத விருந்தினர்

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் திருக்கழுக்குன்றம் இருக்கிறது. மலைக்கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். முதியவர்களை ஏறச் சொல்ல வேண்டாம். ஆனால் வேனைச் சற்று நிறுத்தி, மலையைக் காட்டி, குழந்தைகளுக்கு ஒரு செய்தியைச் சொல்லியே ஆக வேண்டும்.

நாள்தோறும் நண்பகலில் இரண்டு கழுகுகள் அம்மலைக்கு வந்து, கோயில் பண்டாரம் வைக்கும் சர்க்கரைப் பொங்கலை உண்டு போகும் அதிசயம் அங்கே நெடுங்காலம் நிகழ்ந்தது. பட்சி தீர்த்தம் என்ற பெயரே அதனால்தான் பரவியது. அவற்றை மக்கள் கழுகு என்றார்கள். உண்மையில் அவை மஞ்சள் முகப் பாறு என்னும் பிணந்தின்னிப் பறவையினம். நம் பாட்டன் பாட்டியருள் அவற்றைக் கண்ணாரக் கண்டவர் பலர் உளர். கடிகாரம் இல்லாத பறவை நேரம் தவறாமல் வந்தது. 1998-க்குப் பிறகு அது வரவில்லை. அதே ஆண்டுகளில் இந்தியா முழுவதும் பாறு இனங்கள் பெருமளவில் அழிந்தன. மாடுகளுக்கு வலி நீக்கக் கொடுத்த டைக்ளோபெனாக் என்ற மருந்து, இறந்த மாட்டின் இறைச்சி வழியே பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது என்பதை விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. படியும் மலையும் கோயிலும் அங்கேயே இருக்கின்றன. நண்பகல் மட்டும் வெறுமையாக இருக்கிறது.

மாமல்லபுரத்தைக் காலை எட்டு மணிக்குள் அடைந்துவிட வேண்டும். அங்கே எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படுவது இயல்பு. நான் ஒன்றைத்தான் வற்புறுத்துவேன்: அர்ச்சுனன் தவம் என வழங்கும் பெரும்பாறைச் சிற்பம். ஏழாம் நூற்றாண்டின் பல்லவச் சிற்பிகள் காட்டுக்குள் நேரத்தைச் செலவிட்டவர்கள் என்பதற்கு அதுவே சான்று. பெரிய யானையின் காலடியில் உள்ள குட்டிகளைப் பாருங்கள். பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானைப் பாருங்கள். முன்னங்கால்களை உயர்த்திப் பொய்த்தவம் செய்யும் பூனையையும் அதை நம்பிச் சூழும் எலிகளையும் பாருங்கள். எத்தனை விலங்குகள் என்று எண்ணச் சொல்லிவிட்டால், குழந்தைகள் அரைமணி நேரம் பெரியவர்களைத் தொந்தரவு செய்யமாட்டார்கள்.

காலை வெயில் ஏறும் வேளையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போக வேண்டும். முதலை தன் உடற்சூட்டை வெயிலிலிருந்து பெறும் பிராணி. ஆகவே குளிர்ந்த மாதங்களின் காலையில் கரையேறி வாயைத் திறந்தபடி கிடக்கும். 1976-இல் ரோமுலஸ் விட்டேக்கரும் அவர் துணைவியாரும் நிறுவிய பண்ணை இது. அருகிவந்த சதுப்பு முதலைகளைப் பெருக்குவதே தொடக்க நோக்கம்.

இப்பண்ணையின் வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. முதலைகளைவிட இதுவே நம் மாணவர்கள் ஊன்றிப் பயில வேண்டிய பாடம் என்பது என் கருத்து. முன்பு இருளர்கள் பாம்பைப் பிடித்துத் தோலுக்காக விற்றுவந்தனர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், பின்னர் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அத்தொழிலை நிறுத்தின. ஒரு சமூகத்தின் பிழைப்பு ஒரே கையெழுத்தில் போயிற்று. 1978-இல் தோன்றிய இச்சங்கம் அவர்களுடைய அதே அறிவுக்கு வேறொரு பயனைக் கண்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரங்கள் மண்பானையில் வைத்து, நஞ்சு எடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்து பாம்புக்கடிக்கு மாற்றுமருந்து ஆகிறது. 2023-இல் இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நம் தொழிற்பகுதியில் வயலைத் தூர்த்துக் கட்டிய வாடகை வீடுகளிலும் விடுதிகளிலும் மழைக்காலத்தில் பாம்பு வருவது புதுமையல்ல. கடிபட்ட இடத்தைக் கீறுதலும், இறுகக் கட்டுதலும், மந்திரிக்கப் போதலும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் நேரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இதைப் பண்ணையில் கண்முன் பாம்பைப் பார்த்துக்கொண்டே கேட்கும் குழந்தை ஒருநாளும் மறவாது.

யாமமும் வைகறையும்

பிற்பகலில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னை சேர்ந்து, திருவான்மியூர் அல்லது அடையாறுப் பக்கம் அறை எடுங்கள். பிற்பகலில் எல்லாரும் கட்டாயம் உறங்க வேண்டும். நகரத்தில் தங்குவதன் பயன் கடைத்தெரு சுற்றுவது என்று எண்ணுவோர்க்கு இது வருத்தமாக இருக்கலாம். காரணம் இரவில் இருக்கிறது.

தை முதல் பங்குனி வரை சென்னைக் கடற்கரையில் முட்டையிட வரும் கடலாமைக்குத் தமிழில் பங்குனி ஆமை என்று பெயர். அதன் பெரும்பொழுதைப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள் நம் முன்னோர்! அது கரையேறும் சிறுபொழுது யாமம். பின்துடுப்பால் மணலைக் குடைந்து நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். குஞ்சு வெளிவர ஏறத்தாழ ஐம்பது நாள் ஆகும். கடலின் மங்கிய ஒளியை நோக்கி ஓட வேண்டிய குஞ்சுகள், கரையிலுள்ள விளக்குகளைக் கண்டு மயங்கிச் சாலைப்பக்கம் ஊர்ந்து மடியும். இதைத் தடுக்க 1988 முதல் சென்னையில் மாணவர்கள் அமைத்த கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பினர், நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவு முழுதும் நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான பொரிப்பகத்தில் புதைத்து வருகிறார்கள். நம்மைப் போன்ற கல்லூரி மாணவர்கள் தொடங்கிய பணி இது என்பதைப் பெருமையோடு குறிப்பிட வேண்டும்.

வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் அவர்கள் உடன் அழைத்துச் செல்வது வழக்கம். முன்கூட்டியே கேட்டறிந்து போக வேண்டும். பல கிலோமீட்டர் மணலில் நடை. விடியற்காலம் வரை நீளும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு பெற்றோருள் ஒருவர் போனால் போதும். மற்றவர் சிறியவர்களோடு அறையில் இருக்கட்டும். கைபேசி விளக்கை ஏற்றக்கூடாது. ஆமையைக் காணாமலே திரும்பவும் நேரலாம். அதைப் புறப்படும்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது. இறந்த ஆமையைக் காணவும் நேரலாம். 2025 சனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. விசைப்படகு வலையில் சிக்கிய ஆமை, மூச்சுவிட மேலே வர முடியாமல் நீருக்குள் திணறி இறக்கிறது. பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல்லலாம். நடக்க இயலாத குடும்பத்தினர் பங்குனி, சித்திரையில் மாலை வேளையில் வந்தால், குஞ்சுகள் கடலில் விடப்படுவதைக் காணலாம்.

மூன்றாம் நாள்

ஞாயிறு காலை தாமதமாக எழுந்து கிண்டிக்குப் போகலாம். மாநகரின் நடுவே சுமார் 270 எக்டேரில் ஒரு தேசியப் பூங்கா இருப்பது உலகிலேயே அரிய செய்தி. மும்பையில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவும், கென்யத் தலைநகருக்கு அருகில் 1946-இல் அமைந்த நைரோபி தேசியப் பூங்காவும் இவ்வகையின. கிண்டி 1978-இல் தேசியப் பூங்கா ஆயிற்று. வெளிமானும் புள்ளிமானும் அங்கே தாமாகவே வாழ்கின்றன. காட்டின் உட்பகுதியில் பொதுமக்களுக்கு அனுமதியில்லை. சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் நமக்குப் போதும்.

வண்டலூரை நான் இத்திட்டத்தில் சேர்க்காதது அதனை இகழ்ந்து அன்று. 1855-இல் எட்வர்டு பால்பர் சென்னையில் தொடங்கிய உயிர்க்காட்சிச் சாலையின் தொடர்ச்சி அது. 1985-இல் வண்டலூரில் திறக்கப்பட்டது. ஆனால் ஒரகடத்திலிருந்து அங்கே போக ஒரு பகல் போதும்; வண்டலூர்ச் சாலையில் நேரே போய்விடலாம். கைக்குழந்தை உள்ளவர்களும், கிளாம்பாக்கத்தில் இறங்கி மகளைப் பார்க்க வரும் பெற்றோரும் அதனையே முதலாவதாகக் கொள்ளலாம். காஞ்சிபுரமும் அப்படியே, எந்த ஞாயிறும் போய்வரலாம்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குள் சென்னையை விட்டுப் புறப்பட்டு, ஏழு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். திங்கள் முதல் ஷிப்டுக்குப் போகிறவர் ஒன்பது மணிக்குப் படுத்தாக வேண்டும் அல்லவா?

ஒன்று மட்டும் எஞ்சுகிறது. மழை பொய்த்த ஆண்டில் வேடந்தாங்கல் ஏரி நிரம்பாது, பறவையும் வராது. ஆகவே வேனுக்கும் அறைக்கும் முன்பணம் கொடுக்குமுன், மார்கழித் தொடக்கத்தில் அங்குள்ள வனத்துறையினரிடம் நீர்மட்டத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீர் இல்லை என்றால் முதல் நாளைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அங்கே சாலையோரம் நின்றே நீர்ப்பறவைகளைப் பார்க்கலாம். சில ஆண்டுகளில் பூநாரைகளும் வந்து நிற்கும். அதற்கும் நேரம் எற்பாடுதான்.